ஐநூறு ஓலேயின் துப்பாக்கி

பேட்ஜர் கிரீக், வயோமிங்
ஜூன் 19, 1978

லேண்டரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் திரு. ஆர்லோ டக்கெட் அவர்களுக்கு,

நான் லெட்டி ஹேகன். ஓலே ஹேகனின் மனைவி. இருபத்தேழு வருஷம் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று மூக்குக் கண்ணாடியைத் தேடுவீர்கள். தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், சொன்னதையே இரண்டு தடவை எழுத எனக்குக் கை வராது.

மலையாட்டுக் கிடா வேட்டைச் சீட்டுக்கான குலுக்கலில் இந்த வருஷம் என் பெயர் விழுந்துவிட்டது. பதினாறு வருஷமாக விண்ணப்பம் போட்டேன். தபால்காரன் உறையை நீட்டினபோது வரி பாக்கிக் கடிதம் என்று நினைத்து அடுப்பில் போடப் போனேன். செப்டம்பரில் ஒரே ஒரு கிடா. எனக்கு அறுபத்தொன்பது வயது. இன்னொரு தடவை விழலாம், விழாமலும் போகலாம், என் முழங்கால் அதுவரை காத்திருக்காது.

ஓலேயின் துப்பாக்கியில், தூரத்தைக் கிட்டக் காட்டும் ஸ்கோப் பொருத்தி, தூரத்துக்குச் சரி செய்து தர வேண்டும். எவ்வளவு தூரம் என்றால் ஐநூறு கஜம். ஆமாம், ஐநூறு. கெட்டில் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஓலேயின் பாறை, அந்தப் பக்கம் அவர் சுட்ட எல்க் மான் விழுந்த சிவப்புப் பாறை. 1951-இல் அவர் சுட்டுவிட்டு நடந்து போய் எண்ணினது ஐநூற்றுப் பன்னிரண்டு தப்படி. அதை புரூயிட் அம்மாள் கடையில் சொன்னபோது, நீங்கள் ஊரே கேட்க என்ன சொன்னீர்கள்? "ஓலே, உனக்குக் காலு நீளமா, நாக்கு நீளமா?" என்றீர்கள். அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்றைக்கும் நிறுத்தவில்லை. அவர் சாகிற வரைக்கும் "ஐநூறு ஓலே" என்றுதான் பெயர். அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் ஒருவன் வாய் தவறி அப்படியே சொன்னான்.

என் புருஷன் பொய் சொல்லவில்லை. நீங்கள் பொருத்தின ஸ்கோப்பை வைத்து, அதே பாறையில் உட்கார்ந்து, அதே தூரத்தில் நான் ஒரு கிடாவை எடுக்கிறேன். பிறகு நீங்கள் சொன்னதை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் உங்களிடம் வருகிறேன். வேறு நல்ல ஆள் கிடைத்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.

திருமதி லெட்டி ஹேகன்

லேண்டர்
ஜூன் 24

லெட்டி,

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

உன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவனுக்கு "திரு" போட்டிருக்கிறாய். சரி, அதுவும் ஒரு மரியாதை.

வேலையை எடுத்துக்கொள்கிறேன். துப்பாக்கியை அனுப்பு. கூடவே ஒரு நூல். முழங்கையை மடக்கிக்கொள், மடிப்பின் உள்பக்கத்திலிருந்து ஆட்காட்டி விரலின் நடுக்கணு வரைக்கும் நூலைப் பிடித்து வெட்டு. எந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவாயோ அதைப் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். ஜூனில் வெறும் சட்டையோடு அளந்து செப்டம்பரில் திட்டுகிறவர்கள் வருஷத்துக்கு நாலு பேர் எனக்கு உண்டு.

ஐநூறு கஜம் பற்றி. துப்பாக்கி போகும். குண்டும் போகும். கிடா நிற்குமா, காற்று நிற்குமா, நீ நிற்பாயா, இதெல்லாம் வேறு கணக்கு. நானூறு வரைக்கும் செய்து தருகிறேன். அதற்கு மேல் சுடுகிறவனுக்கு என் கையால் செய்வதில்லை. காயம் பட்ட மிருகத்தை மூன்று நாள் தேடி அலைந்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

போன் செய்யாதே. நாற்பது வருஷம் துப்பாக்கிச் சத்தம் கேட்டு எனக்குக் காது போய்விட்டது. மணி அடிப்பது கேட்கும், பேசுவது கேட்காது.

ஆர்லோ

பேட்ஜர் கிரீக்
ஜூலை 1

திரு. டக்கெட் அவர்களுக்கு,

போன் செய்யும் எண்ணம் எனக்கும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரே கம்பியில் ஆறு வீடு. நான் தும்மினால் ஐந்து வீட்டில் "நல்லா இருக்கியா" என்பார்கள்.

நூல் வைத்திருக்கிறேன். கோட்டுப் போட்டுக்கொண்டுதான் அளந்தேன், உள்ளே கம்பளிச் சட்டையும். ஜூலை வெயிலில் அந்தக் கோலத்தில் நின்ற என்னைப் பேத்தி பார்த்து, "பாட்டி, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டாள்.

துப்பாக்கியைக் கொண்டு வருகிறவளும் அவள்தான். டீனா. இருபத்துநாலு வயது. கவுண்டி நிர்வாகத்தில் சாலை சமன் செய்யும் பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறாள், இந்தப் பக்கத்தில் அதை ஓட்டின முதல் பெண். போன குளிர்காலத்தில் கணவாய்ப் பாதையில் பனி விழுந்து ஆண்பிள்ளைகள் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, ஒரே காலைப் பொழுதில் வழி திறந்தாள். இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன். அவளுக்குத் தாத்தாவின் கால், நீளம். அவள் முன்னால் நாக்கைப் பற்றிப் பேச வேண்டாம்.

நானூறு கஜம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது ஐநூறு. கேட்டதைத் தருவதுதான் கடைக்காரர் வேலை.

இதை எழுதி முடிப்பதற்குள் சமையலறை ஜன்னல் இரண்டு தடவை தானாக விழுந்துவிட்டது. ஓலே இருபது வருஷமாக "நாளைக்குச் சரி பண்றேன்" என்று சொன்ன ஜன்னல்.

லெட்டி ஹேகன்

லேண்டர்
ஜூலை 8

லெட்டி,

டீனா வந்தாள். காது கேட்காத கிழவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டை. இந்த ஆறு மாதத்தில் ஒரு வார்த்தை விடாமல் நான் கேட்ட ஒரே பேச்சு அவளுடையதுதான். பெருமைப்படலாம் நீ.

உன் நூலைத் துப்பாக்கியின் தோள்கட்டையில் வைத்துப் பார்த்தேன். ஓலே ஆறடி மூன்று அங்குலம். கட்டை அவன் கைக்குச் செய்தது. உனக்கு ஒன்றேகால் அங்குலம் நீளம் அதிகம். அப்படியே வைத்துச் சுட்டால் ஸ்கோப்பில் முழுப் படம் தெரியக் கழுத்தை முன்னால் நீட்டுவாய். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை நிலா போட்டுவிடும். என் வலது புருவத்தைப் பார்த்திருப்பாயே, அது முப்பத்தெட்டாம் வருஷத்து நிலா.

அதனால் கட்டையின் பின்பக்கத்தில் ஒன்றேகால் அங்குலம் அறுக்க வேண்டும். உன் அனுமதி இல்லாமல் ரம்பத்தை எடுக்க மாட்டேன். அந்த வால்நட் கட்டையில் ஓலேயின் கன்னம் பட்டுப் பட்டு மெருகேறின இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் தொட மாட்டேன். நான் அறுப்பது அதற்கு வெகு பின்னால்.

ஆர்லோ

பேட்ஜர் கிரீக்
ஜூலை 13

திரு. டக்கெட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு "முடியாது" என்று எழுதினேன். உறையில் போட்டேன். ஒட்டவும் செய்தேன். பிறகு கோழிகளுக்குத் தீனி வைக்கப் போனேன். ஓலே என்னிடம் முதன்முதலாக அந்தத் துப்பாக்கியைக் கொடுத்த நாள் அங்கே ஞாபகம் வந்தது. நான் தோளில் வைத்ததும், "குதிரை வண்டியைக் கழுதைக்குப் பூட்டின மாதிரி இருக்கு லெட்டி, ஒரு நாள் அறுத்துத் தரேன்" என்றார். ஜன்னல் மாதிரிதான் அதுவும். நாளைக்கு, நாளைக்கு.

அறுங்கள். ஆனால் அறுத்த துண்டு எனக்குத் திரும்பி வர வேண்டும். உங்கள் கடை அடுப்பில் அது எரியக் கூடாது. வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

ஐநூறு. மறக்க வேண்டாம்.

லெட்டி ஹேகன்

லேண்டர்
ஜூலை 29

லெட்டி,

டீனாவிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டேன். துண்டு உள்ளே பழைய துணியில் சுற்றியிருக்கிறது. என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன், யாராவது கேட்டால் உனக்குப் பதில் தெரிய வேண்டும்.

கட்டையை அறுத்து, உதை தாங்கப் பின்னால் ரப்பர் வைத்தேன். குழலும் கட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, மழையில் கட்டை உப்பினால் குழலைத் தள்ளும். உள்ளே சுரண்டி, ஒரு காகிதம் தாராளமாகப் போய்வரும் அளவு இடைவெளி விட்டேன். விசையை இலகுவாக்கினேன், ஆனால் தும்மினால் வெடிக்கிற அளவுக்கு இல்லை. ஸ்கோப்பை உன் நூலின் கணக்குப்படி உட்கார வைத்து, திருகாணிகளை இரண்டு நாள் கழித்து மறுபடி இறுக்கினேன். குழலின் பின்வாயை அடைக்கும் போல்டைக் கழற்றிக் குழல் வழியாகப் பார்த்தால் எதிர்க் குன்றின் வெள்ளைப் பாறை நடுவில் தெரிந்தது. ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டையும் அதே பாறைக்குக் கொண்டு வந்தேன். அதன் பிறகுதான் முதல் தோட்டா.

இருநூறு கஜத்தில் சுட்டேன். ஐந்து குண்டும் ஒரு காபிக் கோப்பை வாய்க்குள் அடங்கும். ஓலேயின் துப்பாக்கி எப்போதும் நல்ல துப்பாக்கி. அதைப் பற்றி நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

எத்தனை கஜத்துக்கு எவ்வளவு மேலே குறி வைக்க வேண்டும் என்று கட்டையில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கிறேன். இதுதான் அதில் இருப்பது:

இருநூறு: நேராக
முந்நூறு: ஆறரை அங்குலம் மேலே
முந்நூற்று ஐம்பது: பன்னிரண்டு மேலே
நானூறு: இருபது மேலே
அதற்கு மேல்: நட

நீ ஓயாமல் கேட்பதால் ஐநூறின் கணக்கை இங்கே தனியாக எழுதுகிறேன். நாற்பத்திரண்டு அங்குலம் மேலே. இது துணியையோ பலகையையோ சுடுவதற்கு மட்டும். கிடாவுக்கு அட்டைதான்.

கடைசியாக ஒன்று. குழலைத் துடைக்காதே. சுட்டுச் சரி செய்த குழலில் அந்தக் கரி அப்படியே இருக்க வேண்டும். எண்ணெய் போட்டு மினுக்கினால் முதல் குண்டு எங்கேயோ போகும், உனக்கு இருப்பது முதல் குண்டு மட்டும்தான். உன் வீட்டுத் தரையில் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அடியில் இரண்டு கோடு போட்டு எழுதுகிறேன்.

ஆர்லோ

பேட்ஜர் கிரீக்
ஆகஸ்ட் 6

திரு. டக்கெட்,

நீங்கள் துப்பாக்கியைக் கெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். வேண்டுமென்றா, வயதானதாலா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை டீனாவோடு கெட்டில் பள்ளத்துக்குப் போனேன். காற்றே இல்லை, புல் நுனி அசையவில்லை. டீனா அந்தப் பக்கம் போய்ச் சிவப்புப் பாறையில் என் பழைய இரட்டைக் கட்டில் விரிப்பை ஆணியடித்து விரித்தாள். விரிப்பின் கீழ்ப் பாதியில் அடுப்புக் கரியால் ஒரு பொட்டு. அதற்கு நேர் மேலே, தையல் நாடாவால் அளந்து, நாற்பத்திரண்டு அங்குலத்தில் இன்னொரு பொட்டு. மேல் பொட்டைக் குறி வைத்தால் குண்டு இறங்கிக் கீழ்ப் பொட்டில் விழ வேண்டும், உங்கள் கணக்குப்படி. எனக்கு அந்த அளவு புத்தி உண்டு.

டீனா திரும்பி வந்து என் பின்னால் உட்கார்ந்த பிறகு, ஓலேயின் பாறையில் பையை வைத்து, அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூன்று தோட்டா சுட்டேன். கட்டை தோளில் பொருந்தினது, ஒத்துக்கொள்கிறேன். புருவத்தில் நிலாவும் இல்லை. ஆனால் போய்ப் பார்த்தால் மூன்று ஓட்டையும் என் உள்ளங்கை அகலத்துக்குள், கீழ்ப் பொட்டுக்கு முப்பது அங்குலம் மேலே! முப்பது! கிடா நின்றிருந்தால் அதன் தலைக்கு மேலே காக்கையைத்தான் சுட்டிருப்பேன்.

"பாட்டி, அவரு வேலை சுத்தமாத்தானே இருக்கு, மூணும் ஒரே இடத்துல விழுந்திருக்கே" என்கிறாள் டீனா. ஒரே இடத்தில் தப்பாக விழுவதற்கா நான் கட்டையை அறுக்கக் கொடுத்தேன்?

கிடா சீசனுக்கு இருபத்தாறு நாள் இருக்கிறது. பதில் எழுதுங்கள்.

குழலைத் துடைக்கவில்லை. அந்த அழுக்கை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

லெட்டி ஹேகன்

லேண்டர்
ஆகஸ்ட் 9

லெட்டி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பதில் எழுதாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நீ கேட்டுவிட்டாய்.

விரிப்பை ஞாபகப்படுத்திக்கொள். நீ குறி வைத்தது மேல் பொட்டு. குண்டு பட்டது கீழ்ப் பொட்டுக்கு முப்பது அங்குலம் மேலே. இரண்டு பொட்டுக்கும் நடுவே நாற்பத்திரண்டு. அப்படியானால் குண்டு குறியிலிருந்து இறங்கினது எவ்வளவு? பன்னிரண்டு.

இப்போது கட்டையில் இருக்கும் அட்டையைப் பார். பன்னிரண்டு எந்த வரியில் இருக்கிறது?

துப்பாக்கி கெடவில்லை. ஓலேயின் பாறையிலிருந்து சிவப்புப் பாறைக்கு எவ்வளவு தூரம் என்று அது சொல்லியிருக்கிறது. முந்நூற்று ஐம்பது கஜம். அதற்கு ஓலேயையும் தெரியாது, என்னையும் தெரியாது.

இதை எழுதுவதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. நம்பினால் நம்பு.

ஆர்லோ

லேண்டர்
ஆகஸ்ட் 21

லெட்டி,

பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. எனக்குத் திட்டாவது எழுது.

நான் அன்றைக்குக் கடையில் சொன்னது ஒரு வரி. அடுப்பைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், சிரிக்க வைக்கலாம் என்று சொன்னேன். ஓலே மறுநாள் வந்து என் மூக்கில் ஒரு குத்து விடுவான், இரண்டு பேரும் காபி குடிப்போம் என்று நினைத்தேன். அவன் வரவே இல்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். பிறகு எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவனைப் போல ஒரு சிநேகிதன் எனக்குக் கிடைக்கவில்லை.

தூரம் எப்படியிருந்தாலும் அது நல்ல குறி. ஸ்கோப் இல்லாமல், வெறும் கண்ணால், முந்நூற்று ஐம்பது. என்னால் முடியாது.

கிடாவுக்குப் போ. சீட்டை வீணாக்காதே.

ஆர்லோ

பேட்ஜர் கிரீக்
ஆகஸ்ட் 24

ஆர்லோவுக்கு,

திட்டுத்தான் எழுதப் போகிறேன், கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கு வந்த அன்று நான் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு. கழித்துப் பார்க்க ஐந்தாம் வகுப்பு போதும். நாற்பத்தோரு வருஷம் கூடவே இருந்த மனுஷன் என்னிடமும் பொய் சொன்னாரா என்று நினைத்தேன். அவர் படத்தைத் திருப்பி வைத்தேன். இரண்டு நாள் கழித்து நேராக வைத்தேன். மறுபடியும் திருப்பினேன். டீனா பார்த்துவிட்டு, "தாத்தாவுக்குத் தலை சுத்தும் பாட்டி, விடு" என்றாள்.

அப்புறம் அவள்தான் சொன்னாள். "நான் எண்ணிப் பாக்கட்டா? எனக்கு அவரு காலுதானே." போனோம். நான் ஓலேயின் பாறையிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் சத்தமாக எண்ணிக்கொண்டே பள்ளத்தில் இறங்கினாள். தலை மறைந்தது, குரல் மட்டும் வந்தது. ரொம்ப நேரம் கழித்து அந்தப் பக்கம் தலை தெரிந்தது. சிவப்புப் பாறையில் கையை வைத்துக் கத்தினாள்.

ஐநூற்று ஒன்பது!

கேட்டீர்களா? உங்கள் காதுக்கு இங்கிருந்தே கேட்டிருக்க வேண்டும். ஐநூற்று ஒன்பது. ஓலே எண்ணினது ஐநூற்றுப் பன்னிரண்டு. மூன்று தப்படி வித்தியாசம், அவர் கையில் அன்றைக்குத் துப்பாக்கியும் இருந்தது.

அப்படியானால் துப்பாக்கி சொல்வது முந்நூற்று ஐம்பது, கால் சொல்வது ஐநூறு. இரண்டுமே பொய் சொல்லாதவை. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன், எனக்கு யோசனை வருவது அப்போதுதான். கொடியில் ஈரப் போர்வையைப் போட்டதும் கயிறு நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. கழற்றி இழுத்துக் கட்டினேன். கட்டினதும் என் கையில் ஒரு முழத்துக்கு மேலே கயிறு மிச்சம். தூண் இரண்டும் நகரவில்லை. அதே இரண்டு தூண்தான். நேராகப் போனால் கொஞ்சம் கயிறு, தொய்ந்து போனால் நிறைய.

ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டுச் சிரித்தேன். கோழிகள் ஓடின.

குண்டு பறந்து போகிறது, ஆர்லோ. பள்ளத்தில் இறங்கி ஏறுவதில்லை. ஓலே இறங்கினார், ஏறினார். ஏற்றத்தில் தப்படியும் குறுகிப் போகும், எந்தக் காலாக இருந்தாலும். அவர் எண்ணினது அத்தனையும் அவர் நடந்தது. ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அவர் போய் எண்ணிவிட்டுப் பேசினார், நீங்கள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு பேசினீர்கள்.

இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

லெட்டி

பி.கு. அந்த வால்நட் துண்டுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. சமையலறை ஜன்னலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன், கச்சிதம். இனி விழாது. கடைசியில் ஓலே ஜன்னலைச் சரி செய்துவிட்டார்.

லேண்டர்
ஆகஸ்ட் 26

லெட்டி,

சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. எங்கே சொன்னேனோ அங்கேதான் சொல்ல வேண்டும்.

ஆர்லோ

பேட்ஜர் கிரீக்
ஆகஸ்ட் 30

ஆர்லோ,

உனக்கு வெட்கமே இல்லையா?

எண்பது மைல் வண்டி ஓட்டி, என் வீட்டு வேலியைத் தாண்டி, புரூயிட் அம்மாள் கடைக்குப் போயிருக்கிறாய். அதே வழியாகத் திரும்பியும் போயிருக்கிறாய். என் அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. ரொட்டி சுட்டிருந்தேன். ஒரு கை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். ரோஷம் என்று எழுதினாயே, அதை இன்னும் விடவில்லையா?

நடந்ததைப் புரூயிட் அம்மாளே வந்து சொன்னாள். போனில் சொன்னால் நடித்துக் காட்ட முடியாது என்று நேரிலேயே வந்துவிட்டாள். நீ உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு, "எல்லாரும் கேட்டுக்குங்க" என்று கத்தினாயாம். கத்துகிறோம் என்று உனக்குத் தெரியாதாம். வெளியே கட்டியிருந்த குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்ததாம்.

"இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி இங்க நின்னு ஓலே ஹேகனைப் பொய்க்காரன்னு சொன்னேன். அவன் நடந்து எண்ணினான். நான் போய்ப் பாக்காம பேசினேன். நாக்கு நீளம் எனக்குத்தான்."

அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த பிக்கெட் கிழவன் விடவில்லையாம். "அப்ப அது ஐநூறுதானா ஆர்லோ?" என்று கேட்டானாம். உனக்குக் கேட்கவில்லை, மூன்று தடவை கேட்டானாம். நீ ஒரு மளிகைக் காகிதத்தை வாங்கிப் பள்ளத்தை வரைந்து, தொய்ந்த கோடு, நேர்க்கோடு எல்லாம் போட்டுக் காட்டினாயாம். அந்தக் காகிதத்தைப் புரூயிட் அம்மாள் பணப்பெட்டிக்குப் பின்னால் ஒட்டிவிட்டாள். பிக்கெட் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "ஐநூறு ஓலே" என்றானாம். புரூயிட் அம்மாள் அதை எனக்குச் சொல்லிக் காட்டினாள். பழைய பெயர்தான், சொன்ன தோரணை வேறு. அந்தப் பெயர் இனி இருந்துவிட்டுப் போகட்டும்.

நாளை மறுநாள் நானும் டீனாவும் மலை ஏறுகிறோம். தூரத்தை நிரூபிக்கிற வேலை முடிந்துவிட்டது. இனிக் கிடா மட்டும்தான் பாக்கி. ஆனால் ஒன்று கேட்கிறேன், அட்டையில் எதற்கு "நட" என்று எழுதினாய்? இந்த முழங்காலை வைத்துக்கொண்டா?

லெட்டி

லேண்டர்
செப்டம்பர் 2

லெட்டி,

நீ மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் இதைப் பார்ப்பாய். வேலியருகே வண்டியை நிறுத்தினேன், தெரியுமா? ஜன்னலில் அந்தத் துண்டு தெரிந்தது. இறங்கத் தைரியம் வரவில்லை.

"நட" என்று எழுதினது எல்லாருக்கும்தான். என் துப்பாக்கியிலும் அதே வரி இருக்கிறது.

ஆர்லோ

பேட்ஜர் கிரீக்
செப்டம்பர் 11

ஆர்லோ,

உட்கார்ந்துகொண்டு படி.

முதல் ஐந்து நாள் ஒன்றும் இல்லை. பெண் ஆடுகளும் குட்டிகளும், ஒரு தடவை தூரத்தில் ஒரு கரடியின் பின்பக்கம். ஆறாம் நாள் காலையில் கெட்டில் பள்ளத்துக்கு வந்தோம். வேண்டுமென்று வரவில்லை, என் முழங்கால் அதற்கு மேல் ஏற மாட்டேன் என்றது. ஓலேயின் பாறையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தேன். டீனா என் கையைப் பிடித்தாள். எதிர்க் கரையில், சிவப்புப் பாறைக்கும் மேலே, ஒரு திட்டில் நின்றது. கொம்பு ஒரு முழுச் சுற்று சுற்றிக் கன்னத்துக்கு வந்து, நுனி உடைந்திருந்தது. கிழட்டுக் கிடா. என்னைப் போல.

ஸ்கோப்பில் பார்த்தேன். படம் முழுசாகத் தெரிந்தது. விசையில் விரல் வைக்கவில்லை, வெளியில்தான் இருந்தது. சிவப்புப் பாறை முந்நூற்று ஐம்பது என்று எனக்குத் தெரியும், விரிப்பை ஓட்டையாக்கித் தெரிந்துகொண்டது. கிடா அதற்கு மேலே, வெகு மேலே. நானூறைத் தாண்டும். பதினாறு வருஷக் குலுக்கல் அங்கே நின்றுகொண்டிருக்கிறது ஆர்லோ, பக்கவாட்டில், அசையாமல். நாற்பத்திரண்டு அங்குலக் கணக்கும் எனக்கு மனப்பாடம். போன மாதம் என்றால் சுட்டிருப்பேன்.

அட்டையைப் பார்த்தேன். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"எங்க பாட்டி?" என்றாள் டீனா.

"படிக்கத் தெரியாதா? நடக்கச் சொல்லியிருக்கு."

இறங்கினோம். நான் எண்ணினேன். டீனாவுக்கு ஐநூற்று ஒன்பது, ஓலேவுக்கு ஐநூற்றுப் பன்னிரண்டு, எனக்கு எழுநூற்று நாற்பது. முந்நூறு வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டு எண்ணினேன். அதன் பிறகு யாரையும் திட்டவில்லை. இதே சரிவில்தான் அவரும் இறங்கினார், இந்தக் கல்லில்தான் கையை ஊன்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே போனேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஏற்றத்தில் டீனா பின்னாலிருந்து என்னைத் தள்ளினாள். "பனியைத் தள்றது இதைவிட லேசு பாட்டி" என்றாள். அவளுக்கு இயந்திரம் தேவையில்லை, வாயே போதும்.

சிவப்புப் பாறைக்கு அடியில் போய்ச் சேர்ந்து, என் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்துப் பாறையில் வைத்தேன். அதன் மேல் துப்பாக்கி. காற்று முகத்துக்கு நேராக. கிடா அதற்குள் படுத்துவிட்டது, கொம்பு மட்டும் தெரிந்தது. காத்திருந்தோம். மூச்சு அடங்குவதற்கு அதுவும் நல்லதாகப் போனது. கடைசியில் அது எழுந்து, சோம்பல் முறித்து, பக்கவாட்டில் நின்றது. நூற்றைம்பது கஜம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். கன்னத்தை வைத்தேன். அவர் கன்னம் பட்ட இடம், நீ தொடாமல் விட்ட இடம். அழுத்தினேன்.

ஒரு குண்டு. இரண்டு அடி எடுத்து வைத்தது, படுத்தது. தேடி அலைய வேண்டியதே இல்லை.

டீனா கத்தினது உனக்குக் கேட்டிருக்கும். நான் சிவப்புப் பாறையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், பிறகு மிச்ச ரொட்டியைத் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. முன்னந்தொடையை வேகவைக்கிறேன், சோக்செரிப் பழ ஜாம் இருக்கிறது. இந்த முறை வேலியருகே வண்டியை நிறுத்தினால் டீனாவை இயந்திரத்தோடு அனுப்பி உன்னைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்வேன். துப்பாக்கியைத் துடைத்தாகிவிட்டது. இனி அது பளபளவென்றுதான் இருக்கும், யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று உப்பு வாங்கக் கடைக்குப் போனேன். அடுப்பைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். பிக்கெட் கிழவன் எழுந்து எனக்கு நாற்காலி போட்டான். போட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் கேட்டான்.

"எவ்வளவு தூரம் லெட்டி?"

பணப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிற உன் காகிதத்தை ஒரு தடவை பார்த்தேன்.

"நடந்தா, பறந்தா?" என்றேன்.

லெட்டி